பிடிஎஃப் சேவையும் பின் அடித்த புத்தகமும்

சொந்தக் காசில் அச்சடித்த சிறு வெளியீட்டை ஸ்கேன் செய்து வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் விடுவது தப்பே இல்லை, அது வாசிப்புக்குச் செய்யும் சேவை என்பது வாசகர் வட்டங்களில் இன்று ஊறிப்போன கருத்து. பெரிய பதிப்பகத்தின் நாவலைப் பரப்பினால் முணுமுணுப்பவர்கள்கூட, சிறுபத்திரிகை, ஜெராக்ஸ் கவிதைப் புத்தகம் என்றால் தாராள மனசுக்காரர்களாகிவிடுகிறார்கள். நகல் எடுப்பதே பாவம் என்று வாதாட நான் வரவில்லை. உயிரோடு இருக்கும் ஆசிரியரைக் கேட்காமல் எடுப்பதற்குச் சேவை என்று பெயர் வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். எதிர்த்தரப்பு வாதங்களை வரிசையாக எடுத்துக்கொள்வோம்.

1. “லாபத்துக்குப் போட்டது இல்லையே, பரவட்டும் என்றுதானே போட்டார்கள்?”

லாபம் வேண்டாம் என்றவர் நஷ்டம் வேண்டும் என்று சொல்லவில்லை. காசிமேட்டில் இருக்கும் ஒரு பையன் 32 பக்கக் கவிதைப் புத்தகம் போடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஏ4 தாளை நடுவில் மடித்தால் 8 தாள் ஆகும். இருபுறமும் சேர்த்து 16 நகல், ஒன்று ஒரு ரூபாய் என்றால் 16 ரூபாய். அட்டைக்கும் பின் அடிக்கவும் 5 ரூபாய். நூறு பிரதிக்கு 2,100 ரூபாய். ராயபுரம் ஜெராக்ஸ் கடையில் இதை முன்பணமாகக் கட்டிவிட்டு, பிரதி 30 ரூபாய் என்று விலை வைக்கிறான். எழுபதாவது பிரதி விற்றால்தான் போட்ட காசு கைக்கு வரும். இருபது பிரதி போன நிலையில் பிடிஎஃப் குழுவுக்கு வந்துவிட்டால், அடுத்த புத்தகத்துக்கான முதல் அதோடு போயிற்று. பெரிய பதிப்பகம் ஒரு நூலில் விட்டதை இன்னொரு நூலில் பிடிக்கும். இவனுக்கு இருப்பது ஒரே நூல்.

பரவலும் எல்லாருடைய ஆசையும் இல்லை. சி.சு. செல்லப்பா 1959-ல் ‘எழுத்து’ தொடங்கியபோது, 2,000 பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று தாமே வரம்பு கட்டிக்கொண்டார். யார் கைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்வதும் பத்திரிகை நடத்துவதில் ஒரு பகுதி. ஊருக்கே போய்ச்சேர வேண்டியது துண்டறிக்கை. 2023 டிசம்பரில் எண்ணூரில் அமோனியா கசிந்தது போன்ற நேரத்தில் அடிக்கப்படும் நோட்டீசை எத்தனை பேர் நகலெடுத்தாலும் அச்சடித்தவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதே எண்ணூரில் தொழிற்சாலைக்குள் நடப்பதைப் புனைபெயரில் எழுதி ஐம்பது பேருக்குள் சுற்றவிட்ட இதழை, கடைசிப் பக்கத்துப் போன் நம்பரோடு ஸ்கேன் செய்து ஊரெல்லாம் அனுப்பினால் ஒருவரின் வேலையே போகலாம். கலைஞர் 1942-ல் திருவாரூரில் ‘முரசொலி’யைத் துண்டு வெளியீடாகத் தொடங்கியபோது ‘சேரன்’ என்ற பெயரில்தான் எழுதினார். புனைபெயர் போட்டவருக்கு அதற்கொரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் ஸ்கேன் செய்கிறவருக்குத் தெரியாது.

2. “தமிழ் மரபே படியெடுக்கும் மரபுதானே?”

ஏடு பெயர்த்து எழுதாவிட்டால் சங்க நூல்கள் நம் கைக்கு வந்திருக்காது என்பது உண்மை. ஆனால் உ.வே. சாமிநாதையர் எப்படி நடந்துகொண்டார்? வீடு வீடாக, மடம் மடமாகப் போய்க் கேட்டு வாங்கினார். கிடைக்காத இடத்தில் திரும்பத் திரும்பக் கேட்டார். அச்சிட்டபோது எந்த ஏடு யார் கொடுத்தது என்று முன்னுரையில் எழுதினார். மரபைத் துணைக்கு அழைப்பவர்கள் அதில் படியெடுத்ததை மட்டும் வைத்துக்கொண்டு, கேட்டதையும் பெயர் சொன்னதையும் கழற்றி வீசிவிடுகிறார்கள்.

பெயர் போவது எப்படி வலிக்கும் என்பதை வடசென்னைக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கானா வாய்வழியாகவே வளர்ந்தது. தெருவில் கட்டிய பாட்டு சினிமாவுக்கும் மேடைக்கும் போகும்போது கட்டியவர் பெயர் தெருவிலேயே நின்றுவிடும். அட்டையும் பின்பக்கமும் இல்லாமல், நல்ல கவிதையை மட்டும் போட்டோ பிடித்துப் பகிரும்போது நாமும் அதையேதான் செய்கிறோம்.

3. “பாரதி பாட்டே பொதுச்சொத்து. டில்லி ஜெராக்ஸ் கடையையே கோர்ட் விட்டுவிட்டதே?”

பாரதி நூல்களின் உரிமையை 1949-ல் சென்னை மாகாண அரசு வாங்கியது. பிறகுதான் அவை மக்களுக்கு என்று ஆயின. இன்றும் ஒரு எழுத்தாளரின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கினால் வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுக்கிறது. கேட்டு, கொடுத்து, பிறகு பொதுவாக்குவதுதான் அங்கே முறை.

டில்லிப் பல்கலைக்கழக வளாகத்து ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016-ல் உயர் நீதிமன்றம் மாணவர் பக்கம் நின்றது சரியான தீர்ப்பு. எதிரே நின்றவை ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் போன்ற பதிப்பகங்கள். நகலெடுத்தது பாடத்துக்கான பகுதிகள். விலை கட்டுப்படியாகாத மாணவருக்குக் கிடைத்த அந்த நியாயத்தை, 30 ரூபாய்ப் புத்தகத்தை முழுசாக ஸ்கேன் செய்பவர் கடன் வாங்க முடியாது. டீக்கடையில் இரண்டு பேர் உட்கார்ந்து எழுந்தால் ஆகும் காசு அது.

4. “நாங்கள் எடுத்து வைக்காவிட்டால் அழிந்துபோகும்.”

ஐந்தில் பலமான வாதம் இதுதான். பாதி சரியும்கூட. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-ல் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. வேறு பிரதி இல்லாதது போனால் போனதுதான் என்று அந்த இழப்பு தமிழருக்குக் காட்டியது. 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து இதழ்களை எண்ணிமப்படுத்தி வருவதும், கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்தவை இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்பதும் நமக்குக் கிடைத்த கொடை. மே தினத்தை 1923-ல் சென்னையில் கொண்டாடிய சிங்காரவேலரின் ‘தொழிலாளன்’ இதழை யாராவது பரணிலிருந்து எடுத்து ஸ்கேன் செய்தால் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஆனால் காப்பது வேறு, பரப்புவது வேறு. போன மாதம் வந்து, ஆசிரியர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் எண்பது பிரதி கிடக்கும் புத்தகத்துக்கு அழிவு அபாயம் எங்கே வந்தது? ஸ்கேன் செய்து பத்திரமாக வையுங்கள். வெளியே விட, சம்மதம் வரும்வரை பொறுங்கள். அப்புறம், காப்பவர் முழுசாகக் காக்க வேண்டும். மாதமும் விலையும் முகவரியும் இல்லாமல், நடுத்தாள் கோணலாக விழுந்து, பக்கம் தவறிய கோப்பை நாளைய ஆய்வாளர் வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

5. “காப்பிரைட் பதிவே இல்லை. யார் கேஸ் போடப்போகிறார்கள்?”

1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுதியதுமே உரிமை வந்துவிடும். பதிவு கட்டாயம் இல்லை. ஆசிரியர் காலத்துக்குப் பின் 60 ஆண்டுகள் அது நிற்கும். ஆனால் நான் சட்டத்தைப் பிடித்துத் தொங்கவில்லை. கேஸ் போட அந்தக் கவிதைப் புத்தகப் பையனிடம் காசு இல்லை என்பது நிஜம்தான். ஆனால் அந்தத் தைரியத்தில் எடுப்பதற்குச் சேவை என்று பெயரா? காசிமேட்டில் ஏலம் நடக்கும்போது தெரிந்தவர் போய், “அண்ணே, குழம்புக்கு நாலு மீன் கொடு” என்றால் கை நிறையக் கிடைக்கும். கேட்காமல் கூடையில் கை வைத்தால் அதே அண்ணன் சும்மா விடமாட்டார். இரண்டு இடத்திலும் நாலு மீன்தான்.

கேட்டால் கொடுக்கமாட்டார்கள் என்று பயப்படவும் காரணமில்லை. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் குழுவினர் 2013 முதல் எழுத்தாளர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டே, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் நூற்றுக்கணக்கான மின்னூல்களை இலவசமாக வெளியிட்டிருக்கிறார்கள். சிறு வெளியீட்டுக்காரரை அணுகுவது அதைவிடச் சுலபம். அவருக்கு மேனேஜரும் இல்லை, வக்கீலும் இல்லை. பின்னட்டையில் நம்பர் இருக்கிறது.

ஒரு நண்பருக்குப் பிரதியை இரவல் கொடுங்கள், இரண்டு பக்கத்தை அனுப்பி “வாங்கிப் படி” என்று சொல்லுங்கள், அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. முழுப் புத்தகத்தையும் குழுவில் விட வேண்டுமென்றால் அந்த நம்பருக்கு முதலில் ஒரு போன் போடுங்கள். சரி என்றால் அட்டையிலிருந்து அட்டைவரை போட்டு, அவர் பெயரையும் பணம் அனுப்பும் வழியையும் சேருங்கள். ஆறு மாதம் போகட்டும் என்றால் பொறுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். தேடியும் ஆசிரியர் அகப்படாத பழைய இதழ் என்றால், தேடிய விவரத்தை முன்பக்கத்தில் எழுதி வெளியிட்டு, உரியவர் வந்து கேட்கும் நாளில் எடுத்துவிடுங்கள். இவ்வளவும் செய்பவரைச் சேவை செய்கிறார் என்று நானே பத்து பேரிடம் சொல்வேன். ஒரு போன் போடக்கூடச் சோம்பல்படுபவருக்கு அந்தப் பட்டம் கிடையாது.