முதுமை நோயா, மூடை நோயா?

கொட்டாஞ்சேனையிலே, ஜம்பட்டா வீதியை அடுத்த ஒழுங்கை ஒன்றிலே, மாலை ஐந்து மணிக்குமேல் நான்கைந்து முதியவர்கள் ஒரு சீமெந்துக் கட்டில் அமர்ந்திருப்பர். ஒருவருக்கு முழங்கால் மடங்காது. ஒருவர் நிமிர்ந்து நடந்து பல ஆண்டுகளாகின்றன. மற்றொருவர் இரண்டு படி ஏறினாற் போதும், சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவிப்பார். எல்லாரும் அறுபதுக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட வயதினரே. அண்மையில் இவர்களைக் கடந்து சென்றபோது, என்னுடன் வந்த கனவான் ஒருவர் சொன்னார்: "வயது போனால் இதெல்லாம் வருவதுதானே. அதோடு, இவர்கள் குடித்த குடி கொஞ்சமா?"

அக்கனவான் அரசாங்கக் கந்தோரில் முப்பத்தைந்தாண்டு எழுதுவினைஞராயிருந்து ஓய்வுபெற்றவர். மாதந்தோறும் பென்சன் எடுக்கிறார். வயது எழுபத்தொன்பது. காலைதோறும் காலிமுகத் திடலில் இரண்டு மைல் நடப்பவர். வயதுதான் காரணமென்றால், எழுபத்தொன்பது நடக்கையில் அறுபத்தைந்து ஏன் சுவரைப் பிடிக்கிறது? இதனை அவர் சிந்தித்ததாகத் தெரியவில்லை. அவர் கொடியவரல்லர், நல்லவர், கோயிற் காரியங்களுக்கு அள்ளிக் கொடுப்பவர். எமது சமுதாயத்தின் படித்த பகுதி முழுவதும் அவரைப்போலவே எண்ணுகிறது என்பதாலேயே இதை எழுத நேர்ந்தது.

அம்முதியவர்கள் யார்? துறைமுகத்திலும் புறக்கோட்டையிலும் பாரம் சுமந்தவர்கள். கொழும்பிலே இவர்களுக்கு வழங்கும் பெயர் 'நாட்டாமை' என்பது. தமிழகத்துக் கிராமத்திலே நாட்டாமை என்றால் ஆலமரத்தடியில் அமர்ந்து தீர்ப்புச் சொல்லும் பெரியவர். கொழும்பிலோ அவன் மூடை தூக்குபவன். சிங்கள மக்களும் இச்சொல்லையே எடுத்து வழங்குகின்றனர். ஊருக்குத் தலைவன் என்ற பெயரை ஊரின் சுமையைத் தலையிற் கொண்டவனுக்கு இட்ட குறும்புக்காரன் யாரோ!

இத்துறைமுகத்துக்கும் இவ்வூருக்கும் உள்ள உறவு நெடியது. 1927ஆம் ஆண்டு ஏ. ஈ. குணசிங்காவின் தலைமையிலே துறைமுகத் தொழிலாளர் செய்த பெருவேலைநிறுத்தம் இலங்கைத் தொழிலாளர் வரலாற்றிலே ஓர் அத்தியாயம். 1958ஆம் ஆண்டு, தனியார் கம்பனிகளின் கையிலிருந்த சரக்கேற்றி இறக்கும் தொழில் தேசியமயமாக்கப்பட்டுத் துறைமுகச் சரக்குக் கூட்டுத்தாபனம் தோன்றிற்று. அதன்பின் துறைமுகத்துக்குள்ளே நிரந்தர வேலை பெற்றவர்கள் ஒருவாறு தலையெடுத்தனர். ஆனால் 1980களில் கொள்கலன்கள் வந்தன. கப்பலடியிலே மூடை சுமந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. தொழிலாளியின் முதுகுக்கு விடுதலை கிடைத்துவிட்டதென்று எழுதியவர்களும் உண்டு. கொள்கலன் துறைமுக வாயிலைத் தாண்டியபின் அதைத் திறந்து, உள்ளேயிருக்கும் சீனியையும் வெங்காயத்தையும் பருப்பையும் நான்காம் குறுக்குத் தெருக் கிடங்குகளில் அடுக்குபவர் யார்? அதே முதுகுதான். வேலை மதிலுக்கு உள்ளேயிருந்து வெளியே வந்தது. வெளியே வந்தபோது நிரந்தரத்தையும் சம்பளப் பட்டியலையும் மதிலுக்கு உள்ளேயே விட்டுவிட்டு வந்தது.

ஒரு கணக்குப் பார்ப்போம். நாட்டாமை ஒருவர் நாளொன்றுக்கு நூறு மூடை சுமக்கிறார் என்று கொள்வோம். மூடை ஐம்பது கிலோ. நாளுக்கு ஐந்து தொன். ஆண்டுக்கு முந்நூறு நாளாயின் 1,500 தொன். முப்பத்தைந்து ஆண்டு உழைத்தால் 52,500 தொன். நடுத்தரச் சரக்குக் கப்பலொன்று நிறையச் சுமக்கும் பாரம் அவ்வளவுதான். ஒரு கப்பலை ஒரு மனிதன் தன் தோளிலே வைத்து இறக்கியிருக்கிறான்.

சர்வதேசத் தொழில் நிறுவனம் 1967ஆம் ஆண்டிலே, வயதுவந்த ஆண் ஒருவன் கையாற் சுமக்கும் பாரம் ஐம்பத்தைந்து கிலோவுக்கு மேற்படலாகாதென விதந்துரைத்தது. ஐம்பது கிலோ அதற்குள் அடங்கிவிட்டதே என்று வியாபாரி மகிழலாம். ஒரு முறை தூக்குவதும் நூறு முறை தூக்குவதும் ஒன்றாகா. வழுக்கும் பலகையில், லொறியின் உயரத்திலிருந்து கழுத்தில் வாங்கி, சனநெரிசலுக்கூடாக ஓடி, மாடிப்படி ஏறுவதும் அவ்விதந்துரையில் அடங்காது.

இனி உடம்பைப் பார்ப்போம். முழங்கால் மூட்டிலே எலும்புகளின் முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் கிடையா. தசை கிழிந்தால் வளர்கிறது. எலும்பு முறிந்தால் ஒட்டுகிறது. குருத்தெலும்பு தேய்ந்தால் பெரும்பாலும் தேய்ந்ததுதான். அதற்கு நரம்புமில்லை, ஆதலின் தேயும்போது வலிப்பதுமில்லை. இருபத்தைந்து வயதில் தேயத் தொடங்கியது ஐம்பத்தைந்தில்தான் வாய் திறக்கும். முதுகெலும்பின் இடைவட்டுக்களின் கதையும் ஏறக்குறைய இதுவே. நுரையீரலோ தானியத் தூசியையும் சீமெந்துத் தூசியையும் செத்தல் மிளகாய்த் தூளையும் ஆண்டுக்கணக்காக வாங்கி வாங்கித் தன் சேமிப்பைச் செலவழித்துக்கொண்டிருக்கும். இளமையிலே தேவைக்கு மிஞ்சி இருந்த மூச்சு, முதுமையிலே தேவைக்குப் போதாமற் போகும். வேலை நின்றபின்னரே நோய் தலைகாட்டுவதால், நோய்க்கும் வேலைக்கும் தொடர்பில்லை என்று சொல்வது எளிதாகிவிடுகிறது. கடன் கொடுத்தவன் முப்பது ஆண்டு கழித்து வந்து கதவைத் தட்டினால், கடனே வாங்கவில்லை என்று சொல்வதை ஒக்கும் இது. இங்கே விந்தை என்னவெனில், கடனை வாங்கிச் செலவழித்தவன் வேறு, கட்டுபவன் வேறு.

"நாட்டாமைகளைப் பாருங்கள், எவ்வளவு உரமான ஆட்கள்! பாரம் தூக்கினால் உடம்பு கெடுமென்பது பொய்" என்று கூறுவாருமுளர். முறிந்தவர்கள் தெருவில் இல்லை, வீட்டிற் கிடக்கிறார்கள். எஞ்சி நிற்பவர்களை மட்டும் எண்ணிவிட்டு, போர்க்களத்திலே ஒருவரும் சாகவில்லை என்று சொல்லலாகுமா?

திண்ணையில் இருந்த அம்முதியவருள் ஒருவரை நான் ஒருமுறை அரசாங்க வைத்தியசாலை ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். விடியற்காலை போய் நண்பகலில் வெளியே வந்தோம். அவர் சொன்னார்: "வயசக் கேட்டாங்க தம்பி. பீடி குடிப்பியா, சாராயம் குடிப்பியான்னு கேட்டாங்க. என்ன வேல செஞ்சேன்னு மட்டும் ஒருத்தரும் கேக்கல." அட்டையை வாங்கிப் பார்த்தேன். மருந்தின் பெயர்கள் இருந்தன. அவருடைய முப்பத்தெட்டு ஆண்டுகள் அதில் எங்கும் இல்லை.

இத்தாலிய மருத்துவர் பேர்னார்டினோ ரமட்சினி 1700ஆம் ஆண்டிலே தொழிலாளர் நோய்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் வழக்கமான வினாக்களோடு, நீ செய்யும் தொழில் யாது என்ற வினாவையும் சேர்க்க வேண்டுமென அவர் வற்புறுத்தினார். பாரம் சுமப்போரின் நோய்களுக்கென ஓர் இயலே வகுத்தார். மூன்று நூற்றாண்டுகள் கழிந்தும் அவ்வினா கொழும்பு வந்து சேரவில்லை. மருத்துவர்களைக் குறை கூறுவதற்கில்லை. நூறு பேர் காத்து நிற்கும் வரிசையிலே ஒருவருக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். எனினும் அந்த ஒரு வினா பதியப்படாமையால், நாட்டாமையின் நோய் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. பட்டியலில் இல்லாத நோய்க்குச் சட்டமும் இல்லை.

குடியைப் பற்றிக் கனவான் சொன்னதற்கு வருவோம். குடி இல்லையென்று நான் வாதாட வரவில்லை. நாளெல்லாம் மூடை சுமந்தவன் இரவிலே முதுகு வலியோடு தூங்க வேண்டியிருக்கிறது. சாராயம் மருந்துக் கடையிலும் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் குடியும் புகையுமே முழுக் காரணமா? 1967ஆம் ஆண்டு தொடங்கி இலண்டன் வைற்ஹோல் அரசாங்க ஊழியரை நெடுங்காலம் ஆராய்ந்தார்கள். ஒருவரும் மூடை சுமந்தவரல்லர். அனைவரும் கந்தோர்க்காரர். கடைநிலையிலே தூதுவரும் வாயில் காப்போரும், மேலே நிர்வாகிகள். கடைநிலையாளர் இருதய நோயால் இறக்கும் விகிதம் மேல்நிலையாளரைப் போல ஏறத்தாழ மூன்று மடங்காயிருந்தது. புகைத்தல் முதலியவற்றைக் கணக்கிற் சேர்த்துக் கழித்தபின்னரும் வேறுபாட்டின் பெரும்பகுதி எஞ்சியது. ஓய்வுபெற்ற பின்னரும் அது மறையவில்லை. நாற்காலிகளுக்கிடையிலேயே இவ்வளவு தூரமென்றால், நாற்காலிக்கும் மூடைக்கும் இடையே எவ்வளவு?

சட்டம் என்ன செய்கிறது? 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் விபத்தை அறியும்; பட்டியலிட்ட சில தொழில்நோய்களையும் அறியும். மூடை விழுந்து கால் முறிந்தால் வழக்குண்டு. மூடை விழாமல், ஒழுங்காகச் சுமக்கப்பட்டு, முப்பது ஆண்டிலே காலைத் தேய்த்தால் வழக்கில்லை. பிரித்தானியா 2009ஆம் ஆண்டிலே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் முழங்கால் தேய்வைத் தொழில்நோயாக ஏற்றுக்கொண்டது. சுரங்கங்களிற் பெரும்பாலானவை மூடப்பட்ட பின்னர், கிழவர்களாகிவிட்டவர்களுக்குக் கிடைத்த ஏற்பு அது. காலந் தாழ்ந்தும் ஏற்றார்கள்.

1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தொழிலாளியிடம் எட்டு வீதமும் முதலாளியிடம் பன்னிரண்டு வீதமும் வாங்குகிறது. தற்காலிகத் தொழிலாளியும் நாட்கூலியும் அதற்குள் அடக்கம். எழுத்திலே நல்ல சட்டம். (2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்ற பெயரிலே, வங்கிகளைத் தப்பவிட்டு, இந்நிதியின் முறிகளிலே அரசாங்கம் கைவைத்தது வேறு கதை.) ஆனால் காலையிலே ஒரு கடைக்கும், நண்பகலிலே மற்றொரு கடைக்கும், மாலையிலே லொறிக்காரனுக்கும் மூடை சுமப்பவனுக்கு முதலாளி யார்? கடைக்காரர் லொறிக்காரரைக் காட்டுவார். லொறிக்காரர் கங்காணியைக் காட்டுவார். கங்காணி தானும் ஒரு கூலிதான் என்பார். 2021ஆம் ஆண்டின் சட்டமொன்று தனியார் துறை ஊழியருக்கு ஓய்வு வயது அறுபதென வகுத்தது. முதலாளியே இல்லாதவனுக்கு ஓய்வு ஏது? முழங்கால் மடங்காத நாளே அவன் ஓய்வுபெறும் நாள். முதியோர் கொடுப்பனவுக்கு எழுபது வயதாக வேண்டும். அதுவரை மகளின் சம்பளமும் மருமகனின் முகக்கோணலும்.

வேறொன்றையும் சொல்லாமற் போவதற்கில்லை. கொட்டாஞ்சேனைத் தோட்டங்களின் கூரைகளிலே அஸ்பெஸ்டஸ் தகடுகள். அவற்றை அறுத்தவர்களும் துளைத்தவர்களும் எம்மவரே. அந்த நார் நுரையீரலிலே தங்கி இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகளின் பின் புற்றுநோயாகலாம். அதன் எல்லா வகையும் புற்றுநோய் விளைப்பதென உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு நிலையம் கூறிவிட்டது. 2018 முதல் அதனைத் தடுக்க இலங்கை அரசு எண்ணியது. 2017 டிசம்பரிலே, தேயிலைப் பொதியில் ஒரு வண்டு கண்டதென்று கூறி ரஷியா எமது தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸ் விற்கும் நாடும் அதுவே. தடை தளர்ந்தது, தேயிலை மீண்டும் சென்றது. மலையகத்துக் கொழுந்துக் கூடையையும் கொழும்புத் தச்சனின் நுரையீரலையும் ஒரே தராசில் வைத்தார்கள்.

முதலாளி யார் என்ற வினாவுக்கு விடையில்லை என்பது பொய். மகாராஷ்டிரத்திலே, அண்ணாசாகேப் பாட்டீலின் தலைமையிற் போராடிய சுமைதூக்கும் தொழிலாளருக்காக 1969இல் மாத்தாடிச் சட்டம் வந்தது. கேரளத்தில் 1978இலும் தமிழ்நாட்டில் 1982இலும் சட்டங்கள் வந்தன. மாத்தாடி முறை எளியது. ஒரு சபை தொழிலாளியைப் பதிவு செய்கிறது. வியாபாரியும் பதிவு செய்ய வேண்டும். கூலியும் அதற்குமேல் ஒரு தீர்வையும் சபைக்கே செல்கின்றன. சேமநிதி, பணிக்கொடை முதலியவற்றைச் சபை நடத்துகிறது. எந்த நாளில் எந்தக் கடைக்குச் சுமந்தால் என்ன, பாரம் சுமந்தவன் சபையின் தொழிலாளி. அங்கேயும் ஊழலுண்டு, ஏய்ப்புண்டு. இங்கே ஏய்ப்பதற்கும் ஒன்றில்லை.

புறக்கோட்டைக்கு இத்தகைய சபை வேண்டுமென்றால், வெங்காய விலை ஏறிவிடுமே என்று முதற்குரல் எழுப்புவோர் யாரென்பது தெரிந்ததே. அதற்கும் கணக்குண்டு. மூடைக்கு இரண்டு ரூபா தீர்வை என்று வையுங்கள். நாளுக்கு நூறு மூடை, மாதம் இருபத்தைந்து நாள்: ஒரு தொழிலாளியின் பேரில் மாதந்தோறும் 5,000 ரூபா சபையிற் சேரும். ஐம்பது கிலோ மூடையிலே இரண்டு ரூபா, கிலோவுக்கு நான்கு சதம். நான்கு சதத்தைக் கொடுக்கக் கொழும்பிலே இன்று எவர் பையிலும் நாணயமில்லை. எனது கனவான் நண்பர் வாரத்துக்கு ஒரு கிலோ வெங்காயம் வாங்குகிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை அவரிடம் இதைக் கேட்கவிருக்கிறேன்.