ஆபத்தைத் தேடிப் போவது ஏன்?

2019 மே மாதம் ஒரு புகைப்படம் உலகமெங்கும் பத்திரிகைகளில் வெளிவந்தது. எவரெஸ்ட் சிகரத்தின் கடைசி முகட்டில், ரேஷன் கடை வாசலில் நிற்பதைப் போல, மனிதர்கள் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் நேபாளத்துப் பள்ளம். மறுபக்கம் திபெத்துப் பள்ளம். கடல் மட்டத்தில் நமக்குக் கிடைக்கும் பிராணவாயுவில் மூன்றில் ஒரு பங்குதான் அந்த உயரத்தில் கிடைக்கும். அந்த ஒரு பருவத்தில் மட்டும் எவரெஸ்டில் 11 பேர் மாண்டார்கள்.

அந்த வரிசையில் நின்ற வெளிநாட்டார் பணம் கட்டிப் போனவர்கள். மலையில் ஏறும் அனுமதிக்காக மட்டும் நேபாள சர்க்காருக்கு அப்போது ஆளுக்கு 11,000 டாலர் கட்ட வேண்டும். 2025 செப்டம்பர் முதல் அது 15,000 டாலர். வழிகாட்டும் கம்பெனிக்குக் கொடுப்பது இதற்கு மேல்.

"சாவதற்குக் காசு கொடுத்துப் போவார்களா? இதென்ன பைத்தியக்காரத்தனம்!" என்று நமது தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பகலெல்லாம் சேற்றில் குனிந்து நாற்று நட்டவளுக்கும், இரவு ஷிப்ட் முடிந்து பஞ்சுத் தூசியோடு வீடு திரும்புகிறவனுக்கும் இந்தச் சங்கதி வேடிக்கையாகத்தான் தோன்றும். ஆனால் வேடிக்கை என்று தள்ளிவிடக்கூடிய விஷயமல்ல இது. சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்போம்.

வழக்கமாக இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன.

முதல் பதில், "பணக்காரக் கொழுப்பு" என்பது. இரண்டாவது பதிலைச் சொன்னவர் ஜார்ஜ் மல்லோரி என்ற ஆங்கிலேயர். 1923ல் அமெரிக்காவில், எவரெஸ்டில் ஏன் ஏற விரும்புகிறீர்கள் என்று கேட்டதற்கு, "அது அங்கே இருக்கிறது, அதனால்தான்" என்றார். மறு வருஷம், 1924ல், அதே மலையில் தம் தோழர் இர்வினோடு மறைந்துபோனார். அவருடைய உடல் 1999ல்தான் கண்டெடுக்கப்பட்டது. அவருடைய துணிச்சலை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தப் பதில் எதையும் விளக்கவில்லை. மில் சிம்னிகூடத்தான் அங்கே இருக்கிறது. அதன்மீது ஏற எந்தக் கனவானும் கப்பலேறி வந்ததில்லை!

முதல் பதிலில் உண்மை கொஞ்சம் உண்டு. முழு உண்மை இல்லை. பணக்காரர்கள் மட்டும்தான் மலையைத் தேடிப் போனார்களா? இல்லை. இதற்குச் சாட்சி சொல்ல, பஞ்சாலைகளுக்குப் பேர்போன மான்செஸ்டர் நகரத்துத் தொழிலாளிகள் இருக்கிறார்கள்.

மான்செஸ்டருக்குப் பக்கத்திலே பீக் மாவட்டம் என்ற குன்றுப் பிரதேசம் இருக்கிறது. அதில் உயர்ந்தது கிண்டர் ஸ்கௌட். 636 மீட்டர் உயரம். வாரமெல்லாம் புகையிலும் இரைச்சலிலும் கிடந்த தொழிலாளிகள், வேலையில்லாத வாலிபர்கள், ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்தக் குன்றுகளை நோக்கிப் புறப்படுவார்கள். ஆனால் குன்றின் மேலே போக முடியாது. டெவன்ஷயர் பிரபுவின் நிலம் அது! வருஷத்தில் சில நாட்கள் பிரபுவும் அவருடைய விருந்தாளிகளும் துப்பாக்கியோடு வந்து, கௌதாரி போன்ற ஒருவகைப் பறவையை வேட்டையாடுவார்கள். அந்தச் சில நாள் வேட்டைக்காக வருஷம் பூராவும் ஜனங்கள் உள்ளே வரக்கூடாது. வந்தால் தடியோடு காவல்காரர்கள் நிற்பார்கள்.

1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. சுமார் 400 பேர் ஹேஃபீல்டு கிராமத்திலிருந்து கூட்டமாகப் புறப்பட்டு, தடையை மீறிக் குன்றின்மேல் ஏறினார்கள். ஏற்பாடு செய்தது பிரிட்டிஷ் தொழிலாளர் விளையாட்டுச் சம்மேளனம். முன்னே நின்றவர் பென்னி ராத்மன், 20 வயது இளம் கம்யூனிஸ்டு. வழியில் காவல்காரர்களோடு கைகலப்பு ஏற்பட்டது. ஐந்து வாலிபர்களுக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை கிடைத்தது. ராத்மனுக்கு நான்கு மாதம். நடந்ததற்காகச் சிறை!

அதன் பலன் என்ன? நாடெங்கும் கிளர்ச்சி வலுத்தது. 1949ல் பிரிட்டனில் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951ல் முதலாவது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது இதே பீக் மாவட்டம்தான். 2002ல், எழுபது ஆண்டு கழித்து, அந்தப் பிரபுவின் பேரன் கிண்டர் ஸ்கௌட் சம்பவத்திற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

பிறகு அதே வட்டாரத்துப் பாறைகளில், யுத்தத்திற்குப் பின், மான்செஸ்டர் தொழிலாளிப் பையன்கள் ஏறத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் ஜோ பிரவுன்; கட்டட வேலையும் குழாய் வேலையும் செய்தவர். தொடக்கத்தில் அவர் ஏறப் பயன்படுத்தியது, அவருடைய தாய் வேண்டாமென்று போட்ட துணி காயப்போடும் கயிறு! 1955ல் 8,586 மீட்டர் உயரமுள்ள காஞ்சன்ஜங்காவில் முதன்முதலாக ஏறியவர்களில் ஒருவர் இந்தக் குழாய்த் தொழிலாளிதான். உச்சியைப் புனிதமாகக் கருதும் சிக்கிம் மக்களை மதித்து, அவரும் அவருடைய தோழரும் சில அடிகளுக்குக் கீழேயே நின்றுவிட்டார்கள். இன்னொருவர் டான் வில்லன்ஸ். அவரும் குழாய்த் தொழிலாளி. 1970ல் அன்னபூர்ணாவின் செங்குத்தான தெற்கு முகப்பில் ஏறி உச்சியை அடைந்தவர்.

ஆக, இது பணக்காரனுக்கு மட்டும் வந்த வியாதியல்ல. அப்படியானால் எதற்காக ஏறுகிறார்கள்?

மில்லில் நம் நிலை என்ன? சங்கு ஊதினால் உள்ளே போக வேண்டும்; சங்கு ஊதினால் வெளியே வர வேண்டும். கை எவ்வளவு வேகமாக அசைய வேண்டும் என்பதை எந்திரம் சொல்கிறது. எவ்வளவு நூற்க வேண்டும், எதற்காக நூற்க வேண்டும் என்பதை முதலாளி சொல்கிறான். கையும் காலும் நம்முடையவை. ஆனால் அந்த நேரத்தில் அவை நமக்குச் சொந்தமில்லை. மலைப்பாறையில் நிலைமை வேறு. எந்த விரலை எங்கே பதிப்பது, எங்கே காலை ஊன்றுவது, முன்னேறுவதா திரும்புவதா என்பதையெல்லாம் அவனே தீர்மானிக்கிறான். நெஞ்சு படபடக்கிறது, புலன்கள் கூர்மையடைகின்றன. கயிற்றின் மறுமுனையில் இருக்கும் தோழனை நம்புகிறான். தோழனும் இவனை நம்புகிறான். தவறினால் சாவு. தவறாமல் மேலே வந்துவிட்டாலோ, "இதை நான் செய்தேன்" என்று சொல்லிக்கொள்ள முடிகிறது.

இது நமது கற்பனையல்ல. ஸ்டீபன் லிங் என்ற அமெரிக்க சமூகவியலாளர், ஆகாயத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கும் பழக்கமுள்ளவர்களை நெருங்கிப் பழகி ஆராய்ந்து, 1990ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதிர்ஷ்டத்தை நம்புகிற சூதாடிகள் அல்ல. ஆபத்தின் விளிம்பில் நின்று, தம் திறமையால் அதைக் கட்டுப்படுத்துவதிலேதான் இவர்களுக்கு மகிழ்ச்சி என்று அவர் கண்டார். இந்த வேட்கைக்கு விளக்கம் தேடி அவர் போன இடங்களில் ஒன்று, உழைப்பிலிருந்து உழைப்பாளி அந்நியப்படுவதைப் பற்றிய மார்க்ஸின் கருத்து. வேலையில் கிடைக்காத சுதந்திரத்தையும் திறமையின் திருப்தியையும் மனிதன் பாறையிலும் ஆகாயத்திலும் போய்த் தேடுகிறான். ஆகவே இந்தப் பசி மனிதப் பசிதான். இதை நாம் கேலி செய்யக்கூடாது.

ஆனால் பசி இருக்கும் இடத்தில் வியாபாரி கடை திறப்பான் அல்லவா? 1985ல் டிக் பாஸ் என்ற டெக்ஸாஸ் செல்வந்தர், தேர்ந்த மலையேறி ஒருவரின் துணையோடு, 55வது வயதில் எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். பணமும் ஒரு வழிகாட்டியும் இருந்தால் போதும் என்ற எண்ணம் பரவியது. பின்னர் எவரெஸ்டில் ஆளேற்றுவதே ஒரு தொழிலாகிவிட்டது.

எங்கே தொழில் இருக்கிறதோ, அங்கே கூலியாள் இருப்பான். இங்கே அந்தக் கூலியாள் ஷெர்பா.

எவரெஸ்டின் அடிவாரத்திலே கும்பு பனிவீழ்ச்சி இருக்கிறது. வீட்டளவு பனிப்பாளங்கள் எப்போது சரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஷெர்பாக்கள் முதலில் போய் அதில் ஏணி வைத்து, கயிறு கட்டி வழி செய்கிறார்கள். பிறகு கூடாரம், உணவு, பிராணவாயு உருளை எல்லாவற்றையும் முதுகில் சுமந்து ஏறுகிறார்கள். பணம் கட்டியவர் ஒரு சில தடவை கடக்கும் அந்த இடத்தைச் சுமையாளி திரும்பத் திரும்பக் கடக்க வேண்டும்.

1922ல், மல்லோரி போன குழுவில், பனிச்சரிவில் ஏழு சுமையாளிகள் மாண்டார்கள். மாண்டவர்களில் ஆங்கிலேயர் ஒருவர்கூட இல்லை. 2014 ஏப்ரல் 18 காலையில் கும்பு பனிவீழ்ச்சியில் பெரும் பனிப்பாளம் சரிந்து 16 பேர் மாண்டார்கள். 16 பேரும் நேபாளத் தொழிலாளிகள். பணம் கட்டி வந்தவர் ஒருவர்கூட அதில் இல்லை. தொண்ணூற்றிரண்டு வருஷத்தில் என்ன மாறியது?

சர்க்கார் உடனடியாக அறிவித்த தொகை, குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். ஒரு வெளிநாட்டாரின் அனுமதிக் கட்டணத்தில் அது மிகச் சிறிய பங்கு! ஷெர்பாக்கள் கொதித்தெழுந்தார்கள். கோரிக்கைகளை எழுதிக் கொடுத்தார்கள். "இந்த வருஷம் ஏற மாட்டோம்" என்று சுமையை இறக்கி வைத்தார்கள். அந்தப் பக்கத்தில் அந்த வருஷத்து ஏற்றம் ஏறக்குறைய நின்றுபோயிற்று. அதற்குப் பிறகுதான் அவர்களுடைய ஆயுள் இன்ஷூரன்ஸ் தொகை 15 லட்சம் நேபாள ரூபாயாக உயர்ந்தது. இது நமக்குப் பழக்கமான பாடமல்லவா?

ஷெர்பா வெறும் சுமைதூக்கி, அவனுக்கு மலைமீது ஆசை கிடையாது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். டென்சிங் நார்கேயைப் பாருங்கள். 1935ல் சுமையாளியாகத் தொடங்கியவர். ஆறு தடவை எவரெஸ்டுக்குப் போய் உச்சியை எட்டாமல் திரும்பி, ஏழாவது தடவை, 1953 மே 29 அன்று, ஹிலாரியோடு உச்சியில் நின்றார். கூலிக்காக மட்டும் ஒருவன் ஏழு தடவை போவானா? மான்செஸ்டர் தொழிலாளிக்கு இருந்த அதே வேட்கை அவருக்கும் இருந்தது. ஆனால் அந்தப் பயணத்தின் தொடக்கத்தில், காத்மாண்டு பிரிட்டிஷ் தூதரகத்தில், துரைமார்களுக்கு வீட்டுக்குள்ளே அறை. ஷெர்பாக்களுக்கோ கழிப்பிடம்கூட இல்லாத கார் கொட்டகை. முடிவில் ஹிலாரிக்கும் தலைவர் ஹண்டுக்கும் 'சர்' பட்டம். டென்சிங்குக்கு ஒரு மெடல். உச்சியில் இருவரும் சமம். கீழே இறங்கியதும் ஒருவர் துரை, ஒருவர் ஆள்!

ஆகவே ஆபத்தை விரும்புவது குற்றமா என்ற கேள்வி நமக்கு முக்கியமில்லை. ஆபத்தைத் தேர்ந்தெடுப்பது யார், அதைச் சுமப்பது யார் என்பதுதான் கேள்வி. தானே தேர்ந்தெடுத்து, தன் திறமையை நம்பிப் பாறையில் ஏறுகிறவனைப் பார்த்து நாம் சந்தோஷப்படலாம். வேறொருவனுடைய ஆசைக்காக, வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே என்பதற்காக, ஒருவன் பனிச்சரிவுக்குக் கீழே நடக்கும்போது அதற்குப் பெயர் சாகசமல்ல. எந்திரப் பல்லில் விரலைக் கொடுத்தவனும், பூச்சிமருந்து அடிக்கையில் மயங்கி விழுந்தவனும் ஆபத்தில்தான் இருந்தார்கள். அவர்களை யாரும் வீரர் என்று புகைப்படம் எடுக்கவில்லை. "கவனக்குறைவு" என்றே எழுதி வைத்தார்கள்.

நமது வாலிபர்களுக்கு மலையேற ஆசை வந்தால் நாம் தடுக்க வேண்டாம். முறையான பயிற்சியும், நல்ல கயிறும், ஓய்வு நாளும், நடக்கத் திறந்த நிலமும் அவர்களுக்கு வேண்டும். தாயின் துணிக்கயிற்றை நம்பி ஏற வேண்டிய நிலை இருக்கக்கூடாது. சுமக்கிறவர்களுக்கு நியாயமான கூலி வேண்டும். இறந்தால் குடும்பம் தெருவில் நிற்காதபடி இன்ஷூரன்ஸ் வேண்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, "இன்று ஏற மாட்டேன்" என்று சொல்லும் உரிமை வேண்டும். பணம் கட்டியவனுக்கு அந்த உரிமை எப்போதும் இருந்திருக்கிறது. 2014ல் ஷெர்பாக்கள் அதை ஒன்றுகூடி நின்றுதான் பெற்றார்கள். மலையிலானாலும் மில்லிலானாலும், வயலிலானாலும், அதைப் பெறுவதற்கு வேறு வழி இருப்பதாக நமக்குத் தெரியவில்லை.