விழித்திருப்பது வீரமல்ல

"பெரியவனானதும் என்ன ஆகப் போகிறாய்?" என்று ஏதாவது ஒரு வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேராவது "டாக்டர்" என்பார்கள். வெள்ளைக் கோட்டும் ஸ்டெதாஸ்கோப்பும் அவர்கள் மனக்கண்ணில் தோன்றும். ஆனால் டாக்டராக விரும்பும் ஒவ்வொருவரும் கடந்தாக வேண்டிய ஓராண்டைப் பற்றி உங்களிடம் யாரும் அதிகம் பேசுவதில்லை. நான்கரை ஆண்டு எம்.பி.பி.எஸ். படிப்பு முடிந்ததும் வரும் 'ஹவுஸ் சர்ஜன்' ஆண்டுதான் அது.

பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, மகப்பேறு, குழந்தைகள் நலம் என்று ஒவ்வொரு பிரிவிலும் சில வாரங்கள் பணியாற்ற வேண்டும். இரத்தம் எடுப்பது, குளுக்கோஸ் ஏற்றுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, கேஸ் ஷீட் எழுதுவது என்று வேலை ஓயாது. நேற்று வரை பரீட்சைத் தாளில் தவறு செய்தால் மதிப்பெண் குறைந்தது. இன்று தவறு செய்தால் பாதிக்கப்படுவது ஒரு நோயாளி. இந்த மாற்றத்துக்குப் பழகுவதுதான் புதிய டாக்டரின் முதல் சோதனை.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். அப்போது நான் குழந்தைகள் வார்டில் ஹவுஸ் சர்ஜன். முதல் நாள் காலை எட்டு மணிக்குப் பணியில் சேர்ந்தவன், மறுநாள் அதிகாலை நான்கு மணிக்கும் வார்டில்தான் இருந்தேன். காய்ச்சலுடன் வந்த குழந்தையின் எடை 8 கிலோ. கொடுக்க வேண்டிய மருந்து, கிலோவுக்கு 15 மில்லிகிராம். ஐந்தாம் வகுப்பு மாணவன்கூட 120 என்று சொல்லிவிடுவான். நான் 1200 என்று எழுதி வைத்தேன்!

மருந்தை எடுக்கப் போன ஸ்டாஃப் நர்ஸ் திரும்பி வந்தார். "டாக்டர், இதை இன்னொரு தடவை பார்த்துடுங்க. ஒரு சைபர் கூட இருக்கிற மாதிரி தெரியுது" என்றார் மெதுவாக. பார்த்தேன், தூக்கிவாரிப் போட்டது. "நல்ல வேளை சிஸ்டர்!" என்று சொல்லித் திருத்திக் கொடுத்தேன். குழந்தை இரண்டு நாளில் நலமாக வீடு திரும்பியது. அந்த ஒரு பூஜ்யம் மட்டும் இன்னும் என் மனத்தைவிட்டு நீங்கவில்லை.

எனக்குப் பெருக்கல் தெரியாதா? கவலை இல்லையா? இரண்டும் இல்லை. இருபது மணி நேரமாக நான் தூங்கவில்லை, அவ்வளவுதான் காரணம். இங்கேதான் விஞ்ஞானம் நமக்கு உதவுகிறது.

நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சிறிது சிறிதாகச் சேருகிறது. செல்கள் ஆற்றலைச் செலவிடும்போது உண்டாகும் பொருள் இது. அது கூடக்கூடத் தூக்கம் அழுத்துகிறது. தூங்கினால்தான் அது குறையும். காப்பி குடித்தால் தூக்கம் போய்விடுகிறதே என்பீர்கள். போவதில்லை! அடினோசின் சென்று அமர வேண்டிய இடத்தில் காப்பியிலுள்ள காஃபீன் போய் அமர்ந்துகொள்கிறது. கதவுமணி கேட்காதபடி காதைப் பொத்திக்கொள்வது போலத்தான். வந்தவர் வாசலிலேயே நிற்கிறார்.

இதோடு இன்னொன்றும் உண்டு. மூளையின் அடிப்பகுதியில் ஒரு சிறிய நரம்புச் செல் கூட்டம் கடிகாரம் போல் இயங்குகிறது. இரவையும் பகலையும் உடலுக்கு உணர்த்துவது அதுவே. அதிகாலை நான்கு மணியளவில் உடலின் வெப்பநிலை மிகவும் தாழ்ந்திருக்கும். கவனமும் அப்போது தாழ்ந்தே இருக்கும். கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடிகள் தூங்கிவிடுவதும் உண்டு. தூங்கியது நமக்கே தெரியாது!

1997-இல் ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு சோதனை நடத்தி 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். சிலரை ஒரு நாள் விழித்திருக்க வைத்தும், இன்னொரு நாள் மது அருந்த வைத்தும், கண்ணும் கையும் எவ்வளவு ஒத்துழைக்கின்றன என்று அளந்தார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் திறமை, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவரின் திறமைக்குச் சமமாக இருந்தது. 24 மணி நேரம் விழித்திருந்தபோது அது ஏறத்தாழ 100 மில்லிகிராமுக்குச் சமமாயிற்று. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 30 மில்லிகிராம்தான். அப்படியானால், அன்று அதிகாலை மருந்தின் அளவை எழுதிய என் கை எந்த நிலையில் இருந்தது என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

உலகம் இதை மெதுவாகத்தான் உணர்ந்தது. 1984-இல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் 18 வயது மாணவி ஒருத்தி சேர்க்கப்பட்ட சில மணி நேரத்தில் இறந்தாள். காரணம் பற்றிய வழக்கு நீண்டது. ஆனால் இளம் டாக்டர்கள் ஓய்வின்றி நெடுநேரம் பணிபுரியும் வழக்கம் அதனால் வெளிச்சத்துக்கு வந்தது. 1989-இல் அந்த மாநிலம் வாரத்துக்கு 80 மணி, தொடர்ந்து 24 மணி என்று எல்லை வகுத்தது. 2004-இல் வெளியான ஹார்வர்ட் ஆய்வு ஒன்றில், தீவிர சிகிச்சைப் பிரிவில் 24 மணி நேரத்துக்கும் மேலாகத் தொடர்ந்து பணியாற்றிய பயிற்சி டாக்டர்கள், குறுகிய நேரம் பணியாற்றியவர்களைவிட 36 சதவீதம் அதிகமாகக் கடுமையான பிழைகள் செய்தது தெரிந்தது. நம் நாட்டிலும் 1992-இல் மத்திய அரசு, ரெசிடெண்ட் டாக்டர்களுக்குத் தொடர்பணி 12 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வழிகாட்டியது. காகிதத்தில் உள்ளது வார்டுக்கு வந்து சேர வேண்டும்.

"நாங்களெல்லாம் அப்படித்தான் கற்றோம். நோயாளியின் பக்கத்திலேயே இருந்தால்தான் நோய் எப்படி மாறுகிறது என்பது புரியும்" என்பார்கள் மூத்த டாக்டர்கள் சிலர். இதை ஒதுக்கிவிட முடியாது. டாக்டர்கள் அடிக்கடி மாறினால், ஒருவர் அறிந்தது அடுத்தவருக்குத் தெரியாமல் போகும். பணி நேர விதிகளைத் தளர்த்தியும் இறுக்கியும் அமெரிக்காவில் பின்னர் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளில், நோயாளிகளின் இறப்பு விகிதத்தில் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே, நேரத்தைக் குறைப்பது மட்டும் போதாது.

போதாதது எது என்பதற்கும் விடை உண்டு. பணி மாறும்போது நோயாளியின் நிலை, செய்ய வேண்டியது, எதிர்பார்க்க வேண்டிய ஆபத்து ஆகியவற்றை ஒழுங்காக ஒப்படைக்கும் முறை ஒன்றை வட அமெரிக்காவில் ஒன்பது மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் கற்றுக் கொடுத்தார்கள். 2014-இல் வெளியான முடிவின்படி மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்தன. ஓய்வும் வேண்டும், ஒப்படைப்பும் செம்மையாக வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றை விடத் தேவையில்லை என்பதே என் கருத்து.

நம் நாட்டில் பேருந்து, லாரி ஓட்டுநர்கள் நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் பணிபுரியக்கூடாது என்று 1961-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டுபவரை நாம் வீரர் என்று புகழ்வதில்லை. அதே கலக்கத்தில் ஊசி போடுபவரை மட்டும் தியாகி என்று ஏன் புகழ வேண்டும்?

மாணவ நண்பர்களே! உங்களில் சிலர் நாளை ஹவுஸ் சர்ஜனாக வார்டில் நிற்பீர்கள். அன்று மூன்று செய்திகளை நினைவில் வையுங்கள். களைப்பு என்பது மன உறுதியின் குறைவன்று, மூளையின் இயல்பு. சந்தேகம் வந்தால் மூத்தவரைக் கேட்பது வெட்கமன்று. நீங்கள் எழுதியதை இன்னொருவர் சரிபார்த்தால் கோபப்படாதீர்கள், நன்றி சொல்லுங்கள். அன்று அந்த நர்ஸ், "டாக்டர் எழுதியது சரியாகத்தான் இருக்கும்" என்று நினைத்திருந்தால் என்னவாகியிருக்கும்?

டாக்டராகப் போகாதவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. பரீட்சைக்கு முதல் நாள் இரவு முழுதும் விழித்துப் படிப்பவர், மறுநாள் கணக்குத் தாளில் ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாகப் போடக்கூடும். அங்கே போவது மதிப்பெண் மட்டும்தான். இருந்தாலும், மூளையின் எல்லையை மதிக்கும் பழக்கத்தை இப்போதே தொடங்குவது நல்லது.