டிரில்லுக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர்

அமெரிக்காவிலிருந்து வரும் மாப்பிள்ளைகள் ஒரு காலத்தில் சென்ட் பாட்டிலும் பாதாம் பருப்பும் கொண்டுவந்தார்கள். இப்போது டிரில் மெஷின். எதிர் ஃபிளாட்டில் ஒன்று வந்து இறங்கியது. மாமனார் ஆசையாக அடாப்டர் மாட்டி ஸ்விட்சைத் தட்டினார். டிரில் பேய் பிடித்த மாதிரி சுற்றி, பொறி பறந்து, வீடெல்லாம் வார்னிஷ் நாற்றம். அவ்வளவுதான்.

அடாப்டர் பிளக்கின் காலைத்தான் மாற்றும் சார், வோல்டேஜை மாற்றாது. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230, 50. லேப்டாப் சார்ஜரில் '100-240' என்று போட்டிருக்கும், கவலையில்லை. டிரில்லில் அப்படி இருக்காது. பேட்டரி டிரில்லின் சார்ஜரில்கூடப் பல சமயம் 120 மட்டும்தான். உள்ளங்கை சைஸில் விற்கும் கன்வெர்ட்டர்கள் ஹேர் டிரையருக்கானவை, மோட்டாருக்கு ஆகாது. பிரஷ் வைத்த கை டிரில் என்றால் ஒழுங்கான ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போதும். பெஞ்ச் கிரைண்டர் மாதிரி இண்டக்‌ஷன் மோட்டார் என்றால் அது வைத்தும் பிரயோஜனம் குறைவு. ஹெர்ட்ஸ் மாறாததால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், சூடும் ஏறும்.

மாப்பிள்ளை அடுத்த டிரில் அனுப்பினார். மாமனார் ரிச்சி தெருவுக்குப் போய், அம்மிக்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வந்தார். சந்தோஷம்.

அதே வாரம் அவர் வீட்டில் டைல்ஸ் வேலை. கட்டிங் மெஷினின் ஒயரில் பிளக்கே இல்லை. இரண்டு முனையையும் சுரண்டி, சாக்கெட்டில் செருகி, தீக்குச்சி வைத்து இறுக்கியிருந்தார் அந்தத் தம்பி. காலடியில் தண்ணீர். மாமனார் பதறினார்: "பார்த்துப்பா, டிரான்ஸ்ஃபார்மர் மேல தண்ணி பட்டுடப் போகுது!"

எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

பிரிட்டனிலும் வீட்டுக்கு வருவது நம்மைப் போல 230 வோல்ட்தான். ஆனால் கட்டட வேலை நடக்கும் இடங்களில் கை மெஷின்களுக்கு மஞ்சள் நிற டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 110 ஆகக் குறைத்துத் தருவது அவர்கள் வழக்கம். அதன் சுருளை நட்டநடுவில் எர்த் செய்திருப்பார்கள். ஒயர் அறுந்து கை பட்டாலும், அந்த ஆளுக்கும் தரைக்கும் நடுவே 55 வோல்ட்தான். மெஷின் 230-லும் ஜோராக ஓடும். குறைத்தது ஆளுக்காக. (மாமனார் வாங்கியது போன்ற கடைச் சரக்கில் பெரும்பாலும் இந்த ஏற்பாடு கிடையாது. அதை நம்பி ஈரத்தில் நிற்காதீர்கள்.)

"ஷாக் அடிச்சா டிரிப் ஆகுற சாதனம்தான் இருக்கே" என்பார்கள். 30 மில்லி ஆம்பியரில் கட் ஆகும் அந்தச் சாதனம் அவசியம்தான், சண்டை போட்டாவது மாட்டுங்கள். ஆனால் பாதி கட்டிய கட்டடத்தில், தாற்காலிக ஒயரில், யார் மாட்டினார்கள், யார் பட்டனை அமுக்கி டெஸ்ட் பண்ணினார்கள்?

செலவு ஆகும் என்பது அடுத்த பதில். இத்தாலியன் மார்பிளும் நீச்சல்குளமும் கட்டுபடியாகிறது. அந்த மார்பிளை அறுக்கிறவருக்கு ஒரு மஞ்சள் பெட்டி கட்டுபடியாகாதா?

ஒரு பில்டரிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மெஷினுக்கு ஒண்ணும் ஆகாதே?" என்றார்.