இலைச்சாறு என்றால் கையுறை வேண்டாமா?



லயத்துக்குப் பின்னால் நாம் போடும் போஞ்சி, கோவா, உருளைக்கிழங்குப் பாத்திகளை அழுக்கணவன் விட்டுவைப்பதில்லை. குருத்தில் கூட்டமாக ஒட்டிச் சாற்றை உறிஞ்சுகிறது. இலை சுருள்கிறது. உருளைக்கிழங்கில் வைரஸ் நோயையும் பரப்புகிறது.

கடை மருந்தை விட்டால் வேறு கதியில்லை என்பது பொய். வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து, 1 லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். வெயிலில் வீரியம் போய்விடும் என்பதால் மாலையில் தெளிப்பதே நல்லது. பூச்சி உடனே சாகாது. சாறு குடிப்பது குறையும், தோலுரித்து வளர முடியாமல் போகும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் தெளிக்க வேண்டும்.

ஆனால் 'இயற்கை' என்ற சொல்லைக் காட்டி நம்மை ஏய்க்க யாரையும் விடக் கூடாது. 2021இல் அரசாங்கம் ஆயத்தம் எதுவுமின்றி இரசாயன உரத்தையும் மருந்தையும் தடை செய்தது. நவம்பரில் தடையை விலக்கியது. இடையில் கொழுந்து குறைந்தபோது அடி யாருக்கு விழுந்தது? கிலோ கணக்கில் பேர் வாங்கும் தொழிலாளிக்குத்தான்.

மருந்தடிக்கிறவர் கையுறை கேட்டால், "இலைச்சாறுதானே, எதற்கு?" என்று கேட்கும் துரைமாருக்கு நாம் சொல்வது இதுதான்: புகையிலையும் இலைதான்! அதன் சாறு அழுக்கணவனைக் கொல்வது நிக்கொட்டின் என்ற நஞ்சினால். அது மனிதத் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். ஈரப் புகையிலை பறிப்பவர்களுக்கே வாந்தியும் தலைச்சுற்றும் வருகிறது. பூச்சியின் நரம்பைத் தாக்கும் நஞ்சு, தொழிலாளியைக் கண்டால் விலகிப் போகுமா?

ஆகவே நமது கோரிக்கைகள்:

இரசாயனமோ இலைச்சாறோ, கையுறையும் முகக்கவசமும் தந்த பிறகே டாங்கியை முதுகில் ஏற்ற வேண்டும்.

போத்தலில் என்ன இருக்கிறது என்பதைத் தமிழில் எழுதித் தர வேண்டும்.

மருந்தடித்த பின் கை கால் கழுவ, வேலை நேரத்துக்குள்ளேயே நேரமும் தண்ணீரும் சவர்க்காரமும் தர வேண்டும்.

தாய்மாரே, வீட்டிலும் புகையிலைச் சாறு காய்ச்ச வேண்டாம். வேப்பங்கரைசலையும் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

கையுறை தராமல் மருந்தடிக்கச் சொன்னால் தனியாக வாதாட வேண்டாம். அன்றைக்கே தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். சங்கமாகப் போய்க் கேட்போம். கையுறை துரை போடும் பிச்சையல்ல, நம் உரிமை!