ஊர்ப் பாத்திரமும் வாசல் காரும்

தோவாளை வட்டத்தில் உள்ள நம் சொந்த ஊரில், அம்மன் கோயிலை ஒட்டி ஓர் இருட்டறை இருந்தது. வார்ப்பு, உருளி, நிலவாய், அண்டா, கண்ணாப்பை, சோறு கொட்டும் பாய், பந்தி விரிப்பு, இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்குகள் என்று அதனுள் இருந்த அனைத்தும் ஊர்வகைச் சொத்து. ஐந்நூறு பேருக்குச் சாம்பார் வைக்கும் வார்ப்பை எந்த வீட்டாரும் சொந்தமாக வாங்கி வைத்ததில்லை. வாங்கும் வசதி படைத்த வீடுகள் இருந்தன. வாங்க வேண்டும் என்ற எண்ணம் எவர்க்கும் எழவில்லை. ஆண்டுக்கு ஒருமுறையோ ஐந்தாண்டுக்கு ஒருமுறையோ அடுப்பேறும் பொருளுக்கு வீட்டில் ஓர் அறையை ஒதுக்குவது அறிவீனம் என்று அன்றைய மனிதர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கல்யாணமோ பதினாறாம் நாள் அடியந்திரமோ வந்தால் ஊர் முதலடியிடம் சென்று தாக்கோல் வாங்க வேண்டும். நோட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். சிறு வாடகை உண்டு. திருப்பும்போது புளியிட்டுத் துலக்கி, எண்ணி ஒப்படைக்க வேண்டும். விளிம்பு நெளிந்திருந்தால் அபராதம். அதில் உறவுமுறைச் சலுகை கிடையாது. ஒரே முகூர்த்தத்தில் இரு வீடுகளில் கல்யாணம் என்றால் முதலில் சொல்லி வைத்தவர்க்கே முன்னுரிமை. சேர்ந்த வாடகையில் ஈயம் பூசுவார்கள். மிஞ்சினால் புதிதாய் ஒரு அண்டா வரும்.

இந்த அறையைப் பற்றி நாம் இப்போது நினைத்துக்கொள்ளக் காரணம், நம் வீட்டு வாசலில் நிற்கும் கார்.

நாகர்கோவிலின் விளிம்பில், வயலைத் தூர்த்து மனையாக்கிய ஒரு பகுதியில் நாம் குடியிருக்கிறோம். இருபது ஆண்டுகளுக்கு முன்பு கன்னிப்பூவும் கும்பப்பூவுமாக இரண்டு போகம் விளைந்த மண். வீடு கட்டியபோது, இல்லாத காருக்காக போர்டிகோ ஒன்றும் கட்டினோம். போர்டிகோ இருந்தால் கார் வரும் என்று மேஸ்திரி சொன்னார், வந்தது. ஏழாண்டுத் தவணை. தமிழ் பயிற்றுவிக்கும் ஒருவர்க்குக் கணக்கு ஒவ்வாது என்பார்கள். ஆயினும் சென்ற ஆண்டு முழுவதும் ஒரு குறிப்பேட்டில் அந்தக் காரின் வாழ்வை எழுதி வைத்தோம். ஓடிய தொலைவு 4,600 கிலோமீட்டர். அசைந்த நாட்கள் 94. தவணை, காப்பீடு, பராமரிப்பு, பெட்ரோல் எல்லாம் சேர்த்து 1,92,000 ரூபாய். வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 42 ரூபாய். வாடகைக் கார் இதைவிட மலிவு. ஆட்டோ மலிவு. பேருந்தைச் சொல்லவே வேண்டாம். எஞ்சிய 271 நாட்கள் அந்த ஒரு டன் இரும்பு, நெல் விளைந்த மண்ணின்மேல், வெயில் படாமல் நின்றுகொண்டிருந்தது.

கணக்கு மட்டுமே என்றால் இதை எழுதியிருக்க மாட்டோம். சென்ற ஐப்பசியில் குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்காக ரயிலில் மதுரை சென்றிருந்தோம். அன்றிரவு அடுத்த வீட்டுப் பெரியவர்க்கு நெஞ்சுவலி. நல்ல மழை. அவர் மகனுக்குக் கார் ஓட்டத் தெரியும், உரிமமும் உண்டு. பத்தடி தொலைவில், மதில்சுவர்க்கு அப்பால், பெட்ரோல் நிரப்பிய நம் கார் நின்றது. தாக்கோல் நம் கைப்பையில், மதுரையில். மழையில் நனைந்து முக்குவரை ஓடி, ஓர் ஆட்டோவைக் கூட்டி வந்து, ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றிருக்கிறார்கள். பெரியவர் பிழைத்துக்கொண்டார். திரும்பி வந்து நலம் விசாரித்தபோது, "சார்வாளுக்க காரு சும்மாதான் நின்னுது" என்று அவர் சிரித்தபடிதான் சொன்னார். குற்றம் சாட்டும் தொனி அதில் இல்லை. ஆனாலும் அந்தச் சொற்கள் இன்றுவரை நம்மை விட்டு அகலவில்லை.

கார் என்பது ஒரு வீட்டுக்குரிய பொருள் என்னும் எண்ணம் நம் மாவட்டத்தில் அவ்வளவு பழையதும் அன்று. நாற்பதைக் கடந்த வாசகர்கள் நினைவுகூர்வார்கள்: ஒவ்வொரு சந்திப்பிலும், ஆலமரத்தடியிலோ தேநீர்க்கடை ஓரத்திலோ, இரண்டு மூன்று அம்பாசடர் கார்கள் நிற்கும். பிரசவத்துக்கு அதுதான், பெண் பார்க்கப் போகவும், திருவனந்தபுரத்துக்கு விமானம் ஏறச் செல்வோரை வழியனுப்பவும் அதுதான். ஓட்டுநர்க்கு ஒவ்வொரு வீட்டின் வாசலும் வரலாறும் தெரியும். நடு இரவில் கதவைத் தட்டலாம். பணத்தைப் பிறகு கொடுக்கலாம். பெயரளவில் அது வாடகைக் கார். நடைமுறையில் ஓர் ஊர் முழுவதும் ஒரு காரைப் பகிர்ந்து வாழ்ந்தது. 2014-இல் அம்பாசடர் உற்பத்தியே நின்றுவிட்டது. அதற்கு முன்பே, தவணைக் கடனில் வந்து நின்ற சிறு கார்கள் அந்த ஸ்டாண்டுகளின் பிழைப்பைக் குறைத்துவிட்டிருந்தன.

இப்போது கார் ஒரு வாகனம் என்பதைவிட ஓர் அந்தஸ்து. இந்த மாவட்டத்துக் கல்யாணப் பேச்சுகளில் பவுன் கணக்குக்கும் ரொக்கத்துக்கும் அடுத்து வருவது காரின் பெயர்தான். எந்தக் கார் என்பதிலிருந்து பெண் வீட்டாரின் மதிப்பு அளக்கப்படுகிறது. அத்தகைய பொருளைப் பக்கத்து வீட்டாரோடு பகிரச் சொன்னால் தாலியைப் பகிரச் சொன்னதுபோல் விழிக்கிறார்கள்.

இடமாவது இருக்கிறதா? 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 555 பேர். குமரி மாவட்டத்தில் 1,111 பேர். ஒருபுறம் மலை, மறுபுறம் கடல், இடையில் குளமும் வயலும் தோப்பும். சாலையை அகலப்படுத்த வேண்டுமானால் இவற்றில் ஏதேனும் ஒன்றைத்தான் தின்ன வேண்டும். மார்த்தாண்டத்திலும் பார்வதிபுரத்திலும் மேம்பாலங்கள் வந்துவிட்டன. நான்குவழிச் சாலைக்காக வயல்களும் குளங்களும் மண்ணிட்டு நிரப்பப்பட்டதைக் கண்முன் கண்டோம். பாலத்துக்குக் கீழே நெரிசல் அப்படியேதான் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு கார் என்பது நம் நிலப்பரப்பு தாங்கக்கூடிய கணக்கே அன்று.

இதைப் பேசினால் உடனே வரும் மறுமொழி, "பொதுப்பொருள் நம்மவர்க்கு ஒத்துவராது" என்பது. எளிதில் தள்ளிவிடக் கூடிய மறுமொழி அன்று. நாஞ்சில் நாட்டுக்குப் பொதுச் சொத்தின் கசப்பும் தெரியும். மருமக்கள்வழிக் குடும்பங்களில் சொத்து அனைவர்க்கும் பொது. ஆட்சி காரணவர் ஒருவர்க்கு. அனந்திரவன் கணக்குக் கேட்க முடியாது. பெற்ற பிள்ளைகளுக்கு முழுப் பங்கு இல்லை. பொதுச் சொத்து வழக்காடியே கரைந்தது. அந்த அவலத்தைத்தான் தேரூரில் பிறந்த கவிமணி 'மருமக்கள்வழி மான்மியம்' என்று அங்கதமாகப் பாடினார். 1926-இல் திருவிதாங்கூரில் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்து அந்த முறைக்கு முடிவுகட்டியது. பங்கு பிரித்து அவரவர் கையில் கொடுத்தபோது ஊர் நிம்மதியாக மூச்சுவிட்டது என்பது உண்மை.

ஆனால் அதே ஊரில், அதே மனிதர்களிடையே, பாத்திர அறை குலையாமல் நின்றது. ஏன்? காரணவர் கணக்குக் காட்டவில்லை. முதலடி காட்டியாக வேண்டியிருந்தது. அனந்திரவன் கேட்டால் அடி விழும். ஊர்க்கூட்டத்தில் எவரும் நோட்டைப் புரட்டலாம். நெளிந்த அண்டாவுக்கு அபராதம் என்பது எழுதி வைத்த விதி. பகிர்தலை நாம் பெருந்தன்மையோடு சேர்த்து எண்ணிக் குழம்புகிறோம். பகிர்தல் நிலைப்பதற்கு வேண்டியவை ஒரு நோட்டு, ஒரு முறைவரிசை, ஓர் அபராதம். கோதையாற்றுக் கால்வாய்களில் தண்ணீர் முறைவைத்துப் பாய்வதும் இப்படித்தான். அடுத்த வயல்காரனை நேசித்தால்தான் மடை திறக்கலாம் என்று யாரும் சொல்வதில்லை.

பாத்திர அறையைப் புகழும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அது 'ஊர்' வகை என்றோம். அந்த ஊர் என்பது ஒரு சாதியின் தெருக்கள் மட்டுமே. வயலில் நாற்று நட்டவர்களின் வீட்டுக் கல்யாணத்துக்கு அந்த வார்ப்பு போனதில்லை. கேட்கும் துணிவும் அவர்களுக்கு அளிக்கப்படவில்லை. பழைய பொதுமையைப் போற்றும் கட்டுரைகள் பலவும் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்கின்றன. மீண்டும் ஒரு பொதுமையை உருவாக்குவதாயின் 'ஊர்' என்ற சொல்லின் வேலியைப் பிடுங்கிவிட்டே தொடங்க வேண்டும். நம் தெருவில் இப்போது பல சாதியினரும் மூன்று மதத்தினரும் வாழ்கிறார்கள் என்பது இதற்கு ஒரு நல்வாய்ப்பு.

உலகில் இதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1948-இல் சூரிக் நகரில், ஒரு குடியிருப்புக் கூட்டுறவைச் சேர்ந்தவர்கள் தனித்தனியே கார் வாங்க இயலாத நிலையில் சேர்ந்து வாங்கிப் பயன்படுத்தினர். 1987-இல் அதே நாட்டில் இரு கூட்டுறவுச் சங்கங்கள் சில வண்டிகளோடு தொடங்கின. 1997-இல் இரண்டும் இணைந்து மொபிலிட்டி என்ற பெயரில் நாடு முழுவதும் பரவின. வாடிக்கையாளர் பலர் அதன் பங்குதாரர்களாகவும் இருக்கின்றனர். நம் நாட்டிலோ 2013-இல் பெங்களூரில் ஜூம்கார் வந்தபோது 'நாமே ஓட்டும் வாடகைக் கார்' நகரங்களுக்கு அறிமுகமாயிற்று. பின்னர் தனியார் தம் கார்களை அதன்வழி வாடகைக்கு விடும் முறையும் வந்தது. நல்ல வசதிதான். ஆயினும் அது நிறுவனம் நடத்தும் வணிகம். இலாபம் கிடைக்காத தெருவுக்கு அது வராது. இலாபம் குறைந்தால் இருக்கும் தெருவிலிருந்தும் போய்விடும்.

நம் தெரு போன்ற இடத்தில் தடையாக நிற்பது மனம் மட்டும் அன்று, சட்டமும்தான். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, வெள்ளைப் பலகை கொண்ட சொந்தக் காரைக் கட்டணத்துக்கு ஓட்டக் கூடாது. அதற்கு அனுமதிச்சீட்டு வேண்டும். ஓட்டுநரின்றி வாடகைக்கு விடுவோர்க்காக 1989-இல் வகுக்கப்பட்ட திட்டமோ, உரிமம் கேட்பவரிடம் குறைந்தது 50 வண்டிகளை எதிர்பார்த்தது. 2020-இல் நடுவண் அரசு வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், சொந்தக் காரில் பயணம் பகிர்வதைச் சில வரம்புகளோடு ஏற்றன. அதுவும் செயலி நடத்தும் நிறுவனங்களின் வழியாக. ஐம்பது வண்டி வைத்திருக்கும் முதலாளிக்கும், செயலி வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் இடம் உண்டு. ஒரே ஒரு காரைச் சேர்ந்து வாங்கிப் பயன்படுத்த விரும்பும் பத்து வீட்டாரை மனத்தில் கொண்டு எழுதிய விதி எங்கே?

பாலுக்கும் கடனுக்கும் மீனுக்கும் கூட்டுறவுச் சங்கம் வைத்து நடத்திய மாவட்டம் இது. முறையாகப் பதிவு செய்த ஒரு தெருச் சங்கம், தன் உறுப்பினர்க்கு மட்டும், இலாபமின்றிச் செலவைப் பங்கிட்டு ஒன்றிரண்டு கார்களை வைத்துக்கொள்ள எளிய அனுமதியும், அதற்கேற்ற காப்பீடும் தர வேண்டும் என்று கேட்பது பெரிய கோரிக்கை அன்று. இது பேருந்துக்கு மாற்றும் அன்று. அன்றாடப் பயணத்துக்குப் பேருந்தே. கல்லூரிக்கு நாம் இன்றும் அதில்தான் செல்கிறோம். பேருந்து எட்டாத இரவுக்கும், நோயாளிக்கும், முதியவர்க்கும், மூன்று பெட்டியோடு செல்லும் பயணத்துக்கும் மட்டுமே கார். அதற்குப் பத்து வீட்டுக்குப் பத்து கார் தேவையில்லை.

சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் நம்மால் முடியவில்லை. கட்டணம் பெறாமல் இரவல் தருவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. உரிமையாளரின் இசைவோடு, செல்லுபடியாகும் உரிமம் உள்ளவர் ஓட்டினால் வழக்கமான காப்பீடும் செல்லும். வாடகை வாங்கினால்தான் செல்லாது. எனவே கார்த்திகை முதல் நம் தெருவில் ஆறு வீட்டார் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். மூன்று கார்களின் மறு தாக்கோல்கள் அடுத்த வீட்டுப் பெரியவரிடம் இருக்கின்றன. எடுப்பவர் நோட்டில் நேரமும் மீட்டர் எண்ணும் எழுத வேண்டும். ஓடிய அளவுக்குப் பெட்ரோலை அவரே நிரப்ப வேண்டும். கீறல் விழுந்தால் எழுதிவைத்து, அவரே சரிசெய்ய வேண்டும். பணம் கைமாறுவதில்லை.

குறைகள் உண்டு. இரண்டு முறை பெட்ரோல் நிரப்பாமல் வந்தது. ஒருமுறை நம் காரின் பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்து, யார் உடைத்தது என்பதில் நான்கு நாட்கள் முகங்கொடுத்துப் பேசாமல் இருந்தோம். ஐந்தாம் நாள் நோட்டைப் புரட்டித் தீர்த்துக்கொண்டோம். ஆறு வீட்டில் ஒரு வீட்டார், தம் மகளுக்குச் சீதனமாகக் கார் வாங்கும் எண்ணத்தை இன்னும் விடவில்லை. ஏழாவது வீட்டார், வாடகைக்குக் குடியிருப்பவர்கள், கார் இல்லாதவர்கள், தாங்களும் சேரலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். கொடுக்கக் கார் இல்லாதவர்க்கு எடுக்க உரிமை உண்டா என்று தெருக்கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பழைய பாத்திர அறையின் வாசலில் நின்ற அதே கேள்வி. ஒரு மணி நேரம் பேசியபின் ஏழாவது பெயரையும் நோட்டில் எழுதினோம்.

தை மாதம் ஒரு பின்னிரவில் அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. பெரியவர்தான் தாக்கோலை எடுத்துக் கொடுத்திருக்கிறார். காலையில் நாம் எழுந்தபோது போர்டிகோ காலியாக இருந்தது.