அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு முகம்

ரமழான் பிறந்துவிட்டால் நம் கைப்பேசிகளில் ஒரே படம் திரும்பத் திரும்ப வந்து விழுகிறது. பின்னால் பதாகை, நடுவில் அரிசி மூட்டை. மூட்டையின் ஒரு முனையை நிர்வாகிகள் ஐவர் பிடித்திருக்க, மறுமுனையில் ஒரு மூதாட்டி. ஐவரும் கேமராவைப் பார்க்கிறார்கள். அவர் தரையைப் பார்க்கிறார். நாவலூரானாலும் கேளம்பாக்கமானாலும், தமிழகத்தின் எந்த மூலையானாலும், நம் சமுதாயப் பணிகளின் படங்களுக்கு இதுவே இலக்கணமாகிவிட்டது. ஒரு மனிதரை இதைவிட மோசமாகப் படம் எடுக்க முடியாது என்பது நமது உறுதியான கருத்து. கலையின் கணக்கில் மோசம். மார்க்கத்தின் கணக்கில் அதைவிட மோசம்.

படம் எடுப்பது கூடுமா, கூடாதா என்ற பழைய விவாதத்துக்குள் நாம் செல்லவில்லை. எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது பகீத் அல்முதீஈ, கேமரா செய்வது நிழலைப் பிடித்து வைப்பதே அன்றிப் படைப்பதன்று என்று சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே வாதிட்டார். மறுத்த அறிஞர்களும் உண்டு. எடுப்பது என்று முடிவு செய்துவிட்டவர்களிடம்தான் நாம் பேசுகிறோம்.

அல்பகரா அத்தியாயத்தின் 264ஆம் வசனம், கொடுத்ததைச் சொல்லிக்காட்டிப் பெற்றவரை நோகச் செய்தால் தர்மம் பாழாகிவிடும் என எச்சரிக்கிறது. 271ஆம் வசனம் வெளிப்படையாகக் கொடுப்பதையும் நல்லது என்கிறது. மறைத்துக் கொடுப்பதை அதனினும் மேலானது என்கிறது. நம் நிர்வாகிகள் இதன் முற்பாதியை மட்டும் நன்றாக மனனம் செய்திருக்கிறார்கள். இரண்டு வசனங்கள் தள்ளி, வற்புறுத்திக் கேட்காத ஏழைகளை அவர்களின் அடையாளத்தைக் கொண்டே அறிந்துகொள்ளலாம் என்று வருகிறது. அப்படிப்பட்டவரின் தேவையை நாமாகவே பார்த்து அறிய வேண்டும் என்றிருக்க, நாமோ அவர் முகத்தை ஊருக்கே காட்டிக்கொண்டிருக்கிறோம்.

“கொடையாளிகளுக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா?” என்று கேட்பார்கள். காட்டத்தான் வேண்டும். கடை ரசீது, பயனாளிகளின் கையொப்பப் பட்டியல், தணிக்கை செய்த வரவுசெலவு ஆகியவையே கணக்கு. ஒரு விதவையின் முகம் எந்தத் தணிக்கையாளருக்கு ஆதாரமாகும்? மூட்டைகளை அடுக்கி வைத்து எடுங்கள். ஏற்றிய வண்டியை எடுங்கள். சமைக்கும் கைகளை எடுங்கள். யாரும் தடுக்கவில்லை.

இதில் ஒரு முரணையும் சொல்லியாக வேண்டும். வாக்காளர் பட்டியலில் பர்தா அணியும் முஸ்லிம் பெண்களின் படம் இடம்பெறக் கூடாது என்று இதே தமிழகத்திலிருந்து ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2010இல் நீதிபதிகள் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அரசாங்கப் பட்டியலுக்கே தயங்கிய சமுதாயம், தன் ஏழைப் பெண்களின் முகங்களை முகநூலில் கேள்வியின்றி ஏற்றுகிறது. வசதியுள்ள வீட்டுப் பெண்ணுக்கு ஒரு பர்தா, ரேஷன் பை வாங்குபவருக்கு வேறொன்றா?

படம் உலகப் புகழ் பெற்றாலும் இந்தக் குறை குறைதான். 1984இல் பெஷாவர் அருகே நாசிர் பாக் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி ஓர் ஆப்கன் சிறுமியைப் படம் எடுத்தார். மறு ஆண்டு ஜூனில் அது நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில் வந்தது. பச்சைக் கண்களை உலகமே அறிந்தது. பெயரை யாரும் கேட்டு வைக்கவில்லை. ஷர்பத் குலா என்ற அந்தப் பெயர் தெரியவந்தது 2002இல். தன் படத்தை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. 2016இல் போலி அடையாள அட்டை வழக்கில் பாகிஸ்தானில் கைதானபோது, உலகின் மிகப் பிரபலமான முகங்களில் ஒன்று அவருடையது. அதனால் அவருக்கு என்ன காவல் கிடைத்தது?

முகங்களையே எடுக்க வேண்டாம் என்பது நம் வாதமன்று. நன்றாக எடுங்கள். முதலில் பெயர் கேளுங்கள், அனுமதி கேளுங்கள். கையில் உதவிப் பையை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். அந்த நேரத்தில் எந்த ஏழையும் “வேண்டாம்” என்று சொல்ல மாட்டார். அவர் அமர்ந்திருந்தால் நீங்களும் அமருங்கள், கேமரா அவர் கண்ணின் உயரத்துக்கு வரட்டும். உச்சி வெயில் கண்குழிகளை இருட்டாக்கிவிடும் என்பதால் வாசல் நிழலுக்கு அழையுங்கள். கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ கடற்கரையில் எடுப்பதானால் ஃபஜ்ருக்குப் பிந்திய நேரமே சிறந்தது. நம் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுவதால், கடல் நோக்கி நிற்பவரின் முகத்தில் இளவெளிச்சம் நேராக விழும்.

நம் குடும்பங்களுக்கென்றே இரண்டு சிக்கல்கள் உண்டு. கறுப்புப் புர்கா சட்டகத்தை நிறைத்தால், இடம் இருட்டாக இருக்கிறது என்று கைப்பேசி எண்ணி வெளிச்சத்தைக் கூட்டும், முகம் வெளிறிப்போகும். வெள்ளை ஜிப்பாவும் தொப்பியுமாக நிற்பவருக்கு நேர்மாறு, முகம் கறுத்துப்போகும். திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தை அதற்கேற்பக் கூட்டவோ குறைக்கவோ செய்தால் போதும். மிக நெருங்கியும் எடுக்காதீர்கள். ஓரடித் தொலைவில் எடுக்கும் செல்ஃபியில், ஐந்தடியிலிருந்து பார்ப்பதைவிட மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகன்று தெரியும் என்று 2018இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. அதைப் பார்த்துத் தன் மூக்கை வெறுக்கும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருப்பார்கள்.

கடைசியாக அந்த அழகூட்டும் ஃபில்டர். ஒரு காலத்தில் கோடாக் நிறுவனம் வண்ண அச்சைச் சரிபார்க்க வெள்ளைத் தோல் கொண்ட பெண்ணின் படத்தையே அளவுகோலாக அனுப்பிவந்தது. கறுத்த முகங்களுக்கு அது செய்த அநீதியை நாம் இப்போது காசில்லாமல், விரல் நுனியால், நம் பெண்மக்களுக்கே செய்கிறோம். அழகிய வடிவில் படைத்தவன் அல்லாஹ் என்று ஓதிவிட்டு அந்த வடிவத்தை நாமே வெளுப்பதா? பெருநாள் குடும்பப் படத்திலாவது அதை அணைத்து வையுங்கள்.

எடுத்த படத்தை அச்சிட்டு அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளம் நமக்கு அடுத்திருக்கும் செம்மஞ்சேரியின் வீடுகளுக்குள் புகுந்தது. தண்ணீர் புகுந்த வீட்டில் திருமணப் படம் மிஞ்சுவது அரிது. உங்கள் அமைப்பின் பதாகை இல்லாத, நிமிர்ந்து பார்க்கிற ஒரு படம் அந்த மூதாட்டியின் சுவரில் தொங்கட்டும்; வாட்ஸ்அப் குழுவுக்கு மூட்டையின் படம் போகட்டும்.